பெசன்ட் நகர் நேவி ஐயா காலமானார்: அவர் வரைந்த நோட்டுகளை என்ன செய்யலாம்?

பூவரசு | ஞாயிறு, காலை 7.40

வணக்கம். இந்தக் குழுவில் பலருக்கு என் சித்தப்பாவின் பெயர் தெரிந்திருக்காது, ஆளைத் தெரிந்திருக்கும். பெசன்ட் நகர் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில், விடிவதற்கு முன்பே மடக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பாரே, வெள்ளைத் தொப்பிக்காரர், அவர்தான். சிலர் நேவி மாமா என்பார்கள், சிலர் நேவி ஐயா என்பார்கள். போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 78. காரியமெல்லாம் முடிந்துவிட்டது.

1960-களின் தொடக்கத்தில், மீசை முளைக்காத வயதில் கடற்படையில் சேர்ந்தவர். விசாகப்பட்டினத்தில் பயிற்சி, கொச்சியில் சிக்னல் பள்ளி, அப்புறம் கப்பல். பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்று வந்து, சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தார். வரையக் கற்றுக்கொண்டது எங்கே என்று கேட்டால் “கப்பல்ல பொழுது போகாதும்மா” என்பதோடு சரி.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஒரு மர அலமாரி முழுக்க நோட்டுகள். 1979-ல் தொடங்கி, இந்த வருடம் தை மாதம் வரை. எல்லாம் இந்தக் கரைதான்: அடையாறு முகத்துவாரம், உடைந்த பாலம், ஊரூர் குப்பம், கொட்டிவாக்கம், அவ்வப்போது பள்ளிக்கரணை, கிண்டி. சித்தப்பாவின் மூத்த மகனான பெரிய தம்பி நல்ல படங்களாகப் பார்த்துப் பிரித்து, ஃப்ரேம் போட்டு, சொந்தங்கள் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்கிறான். சின்னவன் ஒரு கண்காட்சி வைக்கலாம் என்கிறான். சித்தி, “அவர் வெச்ச எடத்துலயே இருக்கட்டும்” என்கிறார். என்னை முடிவு செய்யச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன், அப்போதுதான் புரியும். உடைந்த பாலத்தின் கடைசித் தூண். அதன்மேல் ஆலாக்கள் என்கிற கடற்பறவைகள், ஒவ்வொன்றும் மூன்று நான்கு கோடுதான், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. வலது மூலையில் பென்சிலில் பொடி எழுத்து: “0510. தெ.கி. 3. கொண்டல். மேகம் 6/8. ஆலா 40 போல. ஒன்று ஒற்றைக் காலில், வெகு நேரம்.” கீழே கையெழுத்துகூட இல்லை.

அவரைத் தெரிந்தவர்கள் தெரிந்ததை எழுதுங்கள். யோசனையும் சொல்லுங்கள்.


கிழக்குக்கரை | ஞாயிறு, காலை 9.15

அம்மா, ஆழ்ந்த அனுதாபங்கள். நான் அவருக்குச் சில வருடம் ஜூனியர், அதே சிக்னல் கிளை. சேர்ந்து ஒரே கப்பலில் இருந்ததில்லை. கேன்டீனில் பார்த்துப் பழக்கம், பிறகு கடற்கரையில்.

நீங்கள் எழுதிய அந்த மூலைக் குறிப்பைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அது கப்பல் பதிவேடு எழுதுகிற முறை. 0510 என்பது நேரம். “தெ.கி. 3” என்பது காற்றின் திசையும் பியூஃபோர்ட் அளவும். 0 முதல் 12 வரை போகும் அந்த அளவைக் கருவி இல்லாமல், கடலின் முகத்தைப் பார்த்தே சொல்லலாம். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தால் 0. இங்கொன்றும் அங்கொன்றுமாக நுரை உடைந்தால் 3. அடிக்கடி உடைந்தால் 4. 12 என்றால் புயல், அப்போது யாரும் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். “மேகம் 6/8” என்றால் வானத்தை எட்டாகப் பிரித்து அதில் ஆறு பங்கு மூடியிருக்கிறது என்று பொருள்.

சிக்னல்காரனுக்கு வேலையே கண்தான். கொடி, விளக்கு, மோர்ஸ் எல்லாம் அப்புறம்தான் வரும், முதலில் பார்க்கக் கற்க வேண்டும். இரவில் தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், அதையே உற்றுப் பார்க்காதே, அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார் என்பார்கள். இருட்டில் கண்ணின் நடுப்பகுதியைவிட ஓரப்பகுதிக்குத்தான் உணர்வு அதிகம். எட்டு மணிக்குப் படுத்து நள்ளிரவில் எழுந்து, 12 முதல் 4 வரை மிடில் வாட்ச் நின்று பழகியவருக்கு விடியற்காலைக் கடற்கரை ஒன்றும் கஷ்டமில்லை. 4 மணிக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடும். எனக்கு இன்னும் வருகிறது.

என் கருத்து: பிரிக்காதீர்கள். பதிவேட்டில் ஒரு தாளைக் கிழித்தால் மிச்சமிருக்கிற தாளுக்கும் மதிப்புப் போய்விடும்.


உள்ளான் | ஞாயிறு, காலை 10.02

செய்தி தெரியாது. அதிர்ச்சியாக இருக்கிறது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பின்போது பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தார்.

கிழக்குக்கரை ஐயா சொன்ன அந்த ‘பக்கத்தில் பார்’ வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கல்லூரிப் பையனாக பைனாகுலர் வாங்கிய புதிதில் உடைந்த பாலத்துக்குப் போவேன். எடுத்த எடுப்பில் கண்ணில் வைத்துக்கொண்டு தேடுவேன், ஒன்றும் அகப்படாது. “தம்பி, முதல்ல அதை எறக்கு. வெறுங்கண்ணால இடமிருந்து வலமா மெதுவாத் தொடச்சிக்கிட்டு வா. ஏதாவது அசைஞ்சா அப்புறம் ஏத்து” என்றார். சகதியோடு சகதியாக உட்கார்ந்திருக்கிற உள்ளான்கள் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய ஆரம்பித்தன. என் புனைபெயர் அங்கிருந்து வந்தது.

நோட்டுகளைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். அவர் ஒன்றும் இல்லாத நாளையும் வரைவார். வெறும் மணல், வெறும் தண்ணீர், மூலையில் “பறவை இல்லை”. எதற்கு இது என்று கேட்டேன். “இல்லைங்கிறதும் ஒரு ரிப்போர்ட்தான்” என்றார். பறவைக் கணக்கில் இது தங்கம். பறவை தென்பட்ட நாளைத்தான் எல்லோரும் எழுதுகிறோம், போய்ப் பார்த்தும் தென்படாத நாளை யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் இந்த முகத்துவாரத்தில் ஒரு பறவை எப்போது குறைய ஆரம்பித்தது என்று உறுதியாகச் சொல்வது கடினம். தேதி, நேரம், இடம், எண்ணிக்கை நான்கும் இருக்கிற பழைய குறிப்புகளை, பறவைப் பதிவுகளைச் சேர்க்கிற இபேர்டு தளத்தில் அந்தப் பழைய தேதியிலேயே ஏற்றலாம். 1979-லிருந்து ஒரே ஆள், ஒரே இடம், ஒரே நேரம் என்றால் அப்படியொரு பதிவு நம் ஊரில் கிடைப்பது அபூர்வம்.

நல்ல படங்களாகப் பொறுக்கி எடுத்தால் முதலில் போவது அந்த வெறும் மணல் பக்கங்கள்தான். தயவுசெய்து வேண்டாம்.


வேளச்சேரிக்காரி | ஞாயிறு, பகல் 12.30

நோட்டு விஷயம் பிறகு. உங்கள் சித்திக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடங்கிவிட்டதா? என் அப்பா ராணுவம். அவர் போனபோது அம்மாவுக்கு மாதக்கணக்கில் இழுத்துவிட்டது, காரணம் ஓய்வூதிய ஆணையில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து. அந்த ஆணை, இறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் தளத்தில் செய்யத் தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். சித்தியின் ஈ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டையையும் கேட்டு வாருங்கள், அதை விட்டுவிடாதீர்கள்.


கோட்டோவியன் | ஞாயிறு, மாலை 4.50

எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவன் நான். பெரியவரைப் பல வருடமாகத் தெரியும். ஒரு வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். காலையிலிருந்து இங்கே எல்லோரும் அவரைப் பதிவேடு, ரிப்போர்ட், கணக்கு என்றே பேசுகிறீர்கள். அவர் ஓவியர். அதைச் சொல்ல ஆள் வேண்டும்.

அவர் படத்தில் கடல் நீலமாக இருக்காது. கவனித்திருக்கிறீர்களா? சாம்பல், பாசிப் பச்சை, செம்மண். வடகிழக்குப் பருவமழை பெய்து அடையாறு வெட்டிக்கொண்டு கடலில் கலக்கிற நாட்களில் கரையோரத் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும், வெளியே போகப் போகப் பச்சையாகும். இரண்டும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டை அவர் ஈரத் தாளில் வைக்கிற விதம் இருக்கிறதே, நான்கு வருடம் கல்லூரியில் உட்கார்ந்தும் எனக்கு அது கைவரவில்லை. பழுப்பை முதலில் விடுவார். அது முக்கால் வாசி காய்கிறவரை காத்திருந்து, அப்புறம் பச்சையைக் கீழிருந்து மேலே கொண்டுபோய் அதன் ஓரத்தில் நிறுத்துவார். அவசரப்பட்டால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். பொறுத்துவிட்டால் வெட்டின மாதிரி நின்றுவிடும். கடற்கரைக் காற்றில் தாள் காயும் நேரம் நாளுக்கு நாள் மாறும். ஈரப்பதம் அதிகமான நாளில் காயவே காயாது. அந்த நேரத்தை அவர் கன்னத்தில் படுகிற காற்றை வைத்தே சொல்லிவிடுவார்.

1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது பெரியவர் கப்பலில் இருந்திருப்பார். ஓய்வு பெற்ற பிறகு அங்கே போய்ப் போய்ப் பார்த்திருக்கிறார். ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளைப் பற்றி அவர் பேசிக் கேட்டிருக்கிறேன்: “கோட்டை எங்க நிறுத்தணும்னு தெரிஞ்ச ஆளு.” தானும் அதைத்தான் பழகினார். ஆலாவுக்கு மூன்று கோடு போதும் என்று தெரிவதற்கு எத்தனை ஆயிரம் ஆலா வரைந்திருக்க வேண்டும்?

சென்னையில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. மா. கிருஷ்ணன், 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். காட்டுயிர் எழுத்து, புகைப்படம், கூடவே சித்திரம். அவருடைய படத்தை யாரும் வெறும் தகவல் என்று ஒதுக்குவதில்லை. நம் பெரியவருக்கும் அந்த மரியாதை வேண்டும். சுவரில் மாட்டி, நல்ல வெளிச்சத்தில், நான்கு பேர் எதிரே நின்று பார்க்க வேண்டும். அலமாரியில் அடுக்கி வைத்தால் அவர் இன்னொரு தடவை காணாமல் போவார்.


கிழக்குக்கரை | ஞாயிறு, மாலை 6.20

கோட்டோவியன், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கடற்படையை அவர் வாழ்க்கையிலிருந்து கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறீர்கள். கரையைப் பார்த்து வரைவது மாலுமிகளின் பழைய வேலை. கடலிலிருந்து பார்த்தால் கரை எப்படித் தெரியும், எந்தக் குன்று எந்தக் கோபுரத்துக்குப் பின்னால் வரும் என்று கோட்டுப் படமாக வரைந்து கடல் வரைபடத்தோடு வைப்பார்கள். ராடார் வருவதற்கு முன் துறைமுகம் பிடித்தது அப்படித்தான். தெற்கிலிருந்து சென்னையை நெருங்கினால் கரை தட்டையாகக் கிடக்கும், பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும்தான் எழும்பி நிற்கும். கோட்டை எங்கே நிறுத்துவது என்பதை அவர் அங்கேயே கற்றிருக்கலாம். தேவையில்லாத கோடு போட்டால் கப்பல் தரை தட்டும்.


மெரினா நண்பன் | ஞாயிறு, இரவு 8.05

அவர் 1971 போரில் ஐ.என்.எஸ். விக்ராந்தில் இருந்தாராமே? கண்காட்சி வைத்தால் அதைப் பெரிதாகப் போடுங்கள், கூட்டம் வரும்.


பூவரசு | ஞாயிறு, இரவு 8.40

விக்ராந்தில் இல்லை. கிழக்குக் கடற்படையில் வேறொரு கப்பல். போரைப் பற்றி வீட்டில் அவர் பேசியதே இல்லை. டிசம்பர் 4 கடற்படை நாளன்று காலையில் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார், வருவார், அவ்வளவுதான். அவர் சொல்லாததை நான் போஸ்டரில் போட மாட்டேன்.


கிழக்குக்கரை | ஞாயிறு, இரவு 9.10

சரியான முடிவு. மெரினா நண்பன் ஆர்வத்தில் கேட்டது, தவறில்லை. அந்தப் போரில் சிக்னல்காரர்களுக்கு என்ன வேலை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், வெளியே அதிகம் பேசப்படாத பக்கம் அது. விக்ராந்துக்கு ஒரு பாய்லரில் விரிசல், முழு வேகம் போக முடியாது. அதைத் தேடிக்கொண்டு பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி வங்காள விரிகுடாவுக்குள் வந்துவிட்டது. விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்து வைத்துவிட்டு, ஐ.என்.எஸ். ராஜ்புத் என்கிற பழைய கப்பல் விசாகப்பட்டினத்துக்கு வெளியே நின்று, தானே விக்ராந்த் என்பதுபோல வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. டிசம்பர் 3-ம் தேதி நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது. 4-ம் தேதி விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. ஒரு போரின் போக்கையே மாற்றிய வேலையை மோர்ஸ் சாவியில் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். காஸியில் இருந்தவர்களும் மாலுமிகள்தான், யாரும் பிழைக்கவில்லை. இதையெல்லாம் பார்த்த தலைமுறை பேசாமல் இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.


ஊரூர் பையன் | திங்கள், காலை 6.30

நான் குப்பத்துப் பையன். அப்பா கடலுக்குப் போனவர், நான் கம்பெனி வேலை. ஐயா எங்கள் வீட்டில் டீ குடிக்காத வாரம் கிடையாது. தாத்தா அவரை “நேவிக்காரரே” என்பார், அவர் தாத்தாவை “கேப்டன்” என்பார்.

அந்த மூலைக் குறிப்பில் கொண்டல் என்று இருக்கிறதே, அது தாத்தா கொடுத்த சொல். வாடை, கொண்டல் என்று காற்றின் பெயரெல்லாம் எங்கள் ஆட்களிடம் கேட்டு, தன் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்வார். எண் தப்பா தாத்தா தப்பா என்று இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து வாதாடுவார்கள். காற்று எத்தனை வேகம் என்று அவர் சொல்வார், அந்தக் காற்றில் மீன் வருமா வராதா என்று தாத்தா சொல்வார்.

நான் எழுத வந்தது வேறு. அந்த நோட்டுகளில் எங்கள் கட்டுமரங்கள் இருக்கின்றன. எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். மரத்தை எப்படி அடுக்குவது, நடு மரம் எது, மூக்கில் எந்த மரம் வருகிறது, கயிறு எந்தப் பக்கமாகச் சுற்றி எங்கே முடி போடுவது என்று ஒவ்வொன்றாக நான்கு பக்கத்திலிருந்தும் போட்டிருப்பார். ஒரு பக்கத்தில் தாத்தாவின் கை மட்டும் இருக்கும், கயிறை இழுத்துப் பிடித்த கை, ஆள்காட்டி விரலில் தூண்டில் நரம்பு அறுத்த பள்ளத்தோடு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் நிறைய வந்தன, கட்டுமரம் குறைந்துபோனது. இன்றைக்கு என் வயதுப் பையன்களில் கட்டத் தெரிந்தவன் ஒருத்தன்கூட இல்லை. தாத்தாவும் இல்லை. அந்தக் கட்டு இப்போது ஐயா நோட்டில்தான் இருக்கிறது.

ஃப்ரேம் போட்டு யார் வீட்டு ஹாலுக்கோ அது போனால் எங்களுக்கு எப்படிக் கிடைக்கும்? கேலரியில் வைத்தால் என் அம்மா அங்கே வருவாளா? அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுச் சொத்துதான். ஆனால் அதில் எங்கள் வீடும் இருக்கிறது.


கோட்டோவியன் | திங்கள், காலை 8.15

தம்பி, அந்தக் கையை நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும். கண்காட்சி கேலரியில்தான் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. குப்பத்திலேயே வைக்கலாம்.


பூவரசு | திங்கள், காலை 8.50

தப்பாக எடுத்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது தம்பி. நேற்று இரவு தேடிப் பார்த்தேன், அந்தக் கை இருக்கிறது. 1992 நோட்டு. அடுத்த பக்கமே பங்குனி ஆமையின் தடம். மணலில் ஆமை ஏறின தடமும் இறங்கின தடமும் பக்கத்தில் பக்கத்தில். இடது துடுப்பு, வலது துடுப்பு என்று மாறி மாறி விழுந்த பள்ளங்கள், குறுக்கே ஒரு குச்சியை வைத்து அளவு. மூலையில் “0320. வாடை 2. விளக்கு: ஹோட்டல் பக்கம் 3, தெரு 5” என்று எழுதியிருக்கிறார். விளக்கை எதற்கு எண்ணினார் என்று எனக்குப் புரியவில்லை.


உள்ளான் | திங்கள், காலை 9.05

ஆமைக் குஞ்சுக்காக. இருட்டில் பொரிந்து வெளியே வருகிற குஞ்சு வெளிச்சமான பக்கம் நடக்கும். இயற்கையில் வெளிச்சமான பக்கம் என்றால் கடல். கரையில் விளக்கு எரிந்தால் திரும்பி ரோட்டுக்குப் போய் நசுங்கிவிடும். அதனால்தான் 1988-லிருந்து மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இரவெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்து, காப்பிடத்தில் புதைத்து, சுமார் 45 முதல் 60 நாளில் பொரிந்ததும் கடலில் விடுகிறது. எந்த வருடம் எந்த இடத்தில் எத்தனை விளக்கு எரிந்தது என்று எழுதி வைத்தவர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.

அந்தத் தடமும் சரியாக இருக்கிறது. பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு நடக்கும். பேராமை என்கிற பச்சை ஆமை இரு துடுப்பையும் சேர்த்துப் போட்டு உந்தும், தடம் ஒரே சீராக எதிரும் புதிருமாக விழும். தடத்தை வைத்தே இனத்தைச் சொல்லலாம், அவர் படத்தில் அது தெளிவாக இருக்கிறது என்று உங்கள் வர்ணனையிலேயே தெரிகிறது.

2025 ஜனவரியில் இந்தக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அந்த நாட்களில் அவர் வரைந்தாரா?


பூவரசு | திங்கள், காலை 9.40

வரைந்திருக்கிறார். ஒவ்வொன்றாக. அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.


தாள்பூச்சி | திங்கள், பகல் 11.20

நூலகத் துறையில் இருந்தவள். உணர்ச்சி பேசியது போதும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மர அலமாரி, சுவரை ஒட்டி. சரியா? அப்படியானால் முதலில் அதை நகர்த்துங்கள். வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், அடித்தட்டு காலியாக இருக்கட்டும். கரையான் தரையிலிருந்துதான் ஏறும். நாப்தலின் உருண்டையைப் போடாதீர்கள். வசம்பும் வேப்பிலையும் துணியில் கட்டி அலமாரி மூலையில் வைக்கலாம், தாளில் படக்கூடாது. வாரம் ஒரு தடவை கதவைத் திறந்து, வெயில் படாமல் காற்றாட விடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எதுவும் நனைந்ததா?


பூவரசு | திங்கள், பகல் 12.10

நனைந்தது. அப்போது அவர்கள் கோட்டூரில் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். அடையாறு உள்ளே வந்துவிட்டது. கீழ்த்தட்டில் இருந்தவை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தன. ஆனால் ஒரு விஷயம் விசித்திரம்: கறுப்பு மையில் வரைந்த கோடுகளும் பென்சில் குறிப்புகளும் அப்படியே இருக்கின்றன. வண்ணம் தீட்டினவை மட்டும் கரைந்து போயிருக்கின்றன. நடுவில் ஒரு நோட்டில் பேனாவால் எழுதியிருக்கிறார், அது மொத்தமும் நீலக் கறையாகிவிட்டது.


தாள்பூச்சி | திங்கள், பகல் 12.45

விசித்திரம் இல்லை. இந்தியன் இங்க் காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது, அதில் அரக்கு இருக்கிறது. பென்சில் கரி கரையவே கரையாது. ஃபவுன்டன் பேனா மை வெறும் சாயம், உடனே ஓடிவிடும். கப்பலில் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் எழுதிப் பழகியவர், பென்சிலைத் தேர்ந்தெடுத்தது யோசித்துத்தான் இருக்கும்.

ஒட்டிக்கொண்ட பக்கங்களை நீங்களாகப் பிரிக்காதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. 1994-லிருந்து பழைய தமிழ் அச்சுகளைப் பாதுகாத்து, படமெடுத்து வைக்கிற இடம். அங்கே போய்க் கேட்டால் தாளை எப்படிக் கையாள்வது என்று வழி சொல்வார்கள். மற்றவற்றை ஸ்கேன் செய்யும்போது வெறும் பக்கம், அட்டை, பின்னால் ஒட்டின பஸ் டிக்கெட் எதையும் விடாதீர்கள். மூலைக் குறிப்பு வெட்டுப்படாமல் தாளின் நான்கு ஓரமும் தெரிய வேண்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது அவர் எழுதின தேதியையே வையுங்கள். படத்துக்கு அழகான தலைப்பெல்லாம் வைக்கத் தொடங்கினால் வரிசை குலைந்துவிடும்.


வேளச்சேரிக்காரி | திங்கள், மாலை 5.30

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், பிள்ளைகள் பக்கமும் யாராவது பேச வேண்டும். அப்பா வரைந்தது ஒன்றாவது தன் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும் என்று ஒரு மகன் நினைப்பது பேராசை இல்லை. என் அப்பாவின் கைக்கடிகாரம் என்னிடம் இருக்கிறது, அது ஓடவில்லை, இருந்தும் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். ஸ்கேன் செய்த காப்பியை அவனுக்குக் கொடுத்துவிட்டு, பறவைக் கணக்குக்காக மூலத்தை வைத்துக்கொள்கிறோம் என்றால் அவனுக்கு வலிக்காதா?


கோட்டோவியன் | திங்கள், மாலை 6.15

நியாயம். பூவரசு, ஒன்று கேட்கிறேன். நோட்டுகள் தவிர தனித் தாள்கள் இருக்கின்றனவா? நான் பார்த்த நீர்வண்ணப் படங்கள் பெரியவை, கையால் செய்த தடித்த தாளில். அவை நோட்டில் அடங்காது.


பூவரசு | திங்கள், இரவு 9.30

இருக்கின்றன. பரணில் பெரிய அட்டை உறைக்குள். அவற்றில் குறிப்பு எதுவும் இல்லை, தேதிகூட இல்லை. பழுப்பும் பச்சையும் சேர்கிற அந்தக் கடல்தான் அதிகம். கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் ஒரு பத்துப் பதினைந்து இருக்கும், எல்லாம் கடல் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி. 1930-ல் மற்றவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிய டேனிஷ் மாலுமிக்காகக் கட்டினது அது. பலூன் சுடுகிற கடையும் பஜ்ஜிக் கடையும் சுற்றி நிற்கிற அந்த வளைவை அவர் ஆள் இல்லாத நேரத்தில், கடலிலிருந்து கரையேறுகிறவனுக்குத் தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறார்.

இரவு தம்பிகளோடும் சித்தியோடும் பேசினேன். முடிவு இது. நோட்டுகளைப் பிரிக்க மாட்டோம். ஒரு தாள்கூட வெளியே போகாது, சித்தி இருக்கிறவரை சித்தியிடமே இருக்கும். தனித் தாள்களைத் தம்பிகள் பங்கிட்டுக்கொள்வார்கள், சித்தி எடுத்தது போக. பெரியவன் கேட்டதுமே சரி என்றான். நினைவுச் சின்னப் படம் ஒன்று போதும் என்று சொல்லிவிட்டான். பங்கிடுவதற்கு முன் அவற்றையும் படமெடுத்துக்கொள்வோம், கோட்டோவியன் வந்து பார்க்க வேண்டும்.

கண்காட்சி முதலில் குப்பத்தில். கட்டுமரப் பக்கங்கள் எல்லாவற்றையும் பெரிதாக அச்செடுத்து, யாருடைய மரம், யாருடைய கை என்று தெரிந்தவர்கள் பெயர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம். அவர் பெயர் எழுதவில்லை, பெயர் குப்பத்தில்தான் இருக்கிறது. அச்சுப் பிரதி ஒரு தொகுப்பு அங்கேயே இருக்கட்டும்.


ஊரூர் பையன் | திங்கள், இரவு 9.45

அக்கா, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கோயில் பக்கத்து மண்டபத்தில் வைக்கலாமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் நானே கேட்கிறேன். தடைக்காலத்தில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, ஆட்கள் கரையில் இருப்பார்கள். கட்டுமரம் கட்டத் தெரிந்த கிழவர் ஒருவர் கொட்டிவாக்கத்தில் இருக்கிறார் என்று அம்மா சொல்கிறாள். அவரையும் கூட்டி வருகிறேன், படத்தில் கட்டு சரியா என்று பார்த்துச் சொல்லட்டும்.


கிழக்குக்கரை | செவ்வாய், காலை 5.05

குறிப்புகளைப் படித்துத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். சிக்னல் பள்ளியில் பழகின சுருக்கெழுத்துகள் நடுவில் வரும், வெளியாட்களுக்குப் புரியாது. வாரத்தில் மூன்று நாள் காலை எனக்கு ஒழியும்.


உள்ளான் | செவ்வாய், காலை 7.20

பறவைப் பட்டியலை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: ஆலா என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஆலா என்று இனம் பிரிக்க முடியாது. படத்தில் அலகின் நீளமும் கொண்டையும் தெரிந்தால் பெரிய கொண்டை ஆலாவா, சின்னதா என்று சொல்லலாம். பூவரசு, அந்த 0510 பக்கத்தை மட்டும் முதலில் ஸ்கேன் செய்து போடுங்கள், அதிலிருந்து தொடங்குவோம்.


பூவரசு | செவ்வாய், காலை 8.00

இன்று மாலை போடுகிறேன். சனிக்கிழமை காலை 7 மணிக்கு சித்தி வீட்டில் கூடலாம், முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள் என்று தாள்பூச்சி அம்மா சொல்லச் சொன்னார். பேனா கொண்டு வர வேண்டாம், பென்சில் போதும். சித்தி எல்லோருக்கும் இட்லி என்று சொல்லியிருக்கிறார், எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள்.